செய்தியை அணைத்தால் குற்ற உணர்ச்சி

கேள்வி: தேர்தல் செய்திகளை இரவு இரண்டு மணி வரை பார்க்கிறேன். நிறுத்தினால் கடமை தவறியதுபோல் இருக்கிறது. அரசியல் சண்டையில் அண்ணனோடு பேச்சும் நின்றுவிட்டது. என்ன செய்வது?

பதில்: அக்கறை உள்ளவருக்குத்தான் அந்த உறுத்தல் வரும். ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பது கடமையாகாது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பை ஒட்டிய வாரத்தில், தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அச்செய்திகளில் மூழ்கியவர்களுக்கு, நேரில் அங்கே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருந்ததாக ஓர் ஆய்வு கண்டது. படித்த அன்றே போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தேன். எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரம். முதல் நான்கு இரவுகள் கை தானாகத் தேடியது. பிறகு தூக்கம் வந்தது. இப்போது காலையில் அரை மணி நேரம் நாளிதழ், அவ்வளவுதான். ஓட்டுப் போடுங்கள், மனு எழுதுங்கள், கூட்டத்துக்குப் போங்கள். அவை உங்கள் கையில் இருப்பவை.

அண்ணனை இன்றே கூப்பிடுங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம். அவருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.