நாய்களுக்கான மசாஜ், மறுவாழ்வு சிகிச்சை: பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மனிதர்களுக்கு மசாஜ் செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறேன். இனி நாய்களுக்கு மசாஜும், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வு சிகிச்சையும் அளிக்க விரும்புகிறேன். இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்தால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் கேட்பது இரண்டு தனித்தனித் தொழில்களைப் பற்றி. மசாஜ் என்பது இறுகிய தசைகளைக் கைகளால் தளர்த்துவது. மறுவாழ்வு சிகிச்சையில் மூட்டின் அசைவை அளப்பது, உடற்பயிற்சிகளை வகுப்பது, தண்ணீர் டிரெட்மில் (நாயைத் தண்ணீருக்குள் நடக்கவைக்கும் கருவி), லேசர் போன்ற கருவிகளைக் கையாள்வது எல்லாம் சேரும். இதற்கான முக்கியச் சான்றிதழ்களுக்கு அடிப்படைத் தகுதி ஒன்று இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தின் சி.சி.ஆர்.பி. (நாய்களுக்கான மறுவாழ்வு சிகிச்சைச் சான்றிதழ்) படிப்பு கால்நடை மருத்துவர், கால்நடைச் செவிலியர், ஃபிசியோதெரபிஸ்ட் போன்றோருக்கானது. மசாஜ் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு அதில் சேர முடியாது. பிரிட்டனில், கால்நடை மருத்துவர் பரிசோதித்து வழிகாட்டிய பிறகே விலங்குகளுக்கு ஃபிசியோதெரபி செய்யலாம் என்று 2015ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. ஆகவே, உங்கள் நாட்டுச் சட்டம் யாருக்கு எதை அனுமதிக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

உங்கள் கைப்பழக்கம் வீண்போகாது. ஆனால் உடற்கூற்றியலைப் புதிதாகப் படிக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போன்ற காறை எலும்பு கிடையாது; முன்னங்காலை உடலோடு பிணைப்பவை தசைகள் மட்டுமே. உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. பின்னங்காலில் அறுவை சிகிச்சை நடந்தால் இந்தச் சுமை இன்னும் கூடும். அப்படிப்பட்ட நாயின் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும். அறுவை சிகிச்சை நடந்த முழங்காலை மட்டும் கவனித்துவிட்டு அனுப்புவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

கைக்கு முன்னால் கண்ணைப் பழக்குங்கள். வழுக்காத, சமதளமான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நாயை நடக்கவிட்டு, முன்னால், பின்னால், பக்கவாட்டில் நின்று பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். அலைபேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கண் சீக்கிரம் பழகும். தொடையின் சுற்றளவை அளக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கால் நிலை, அளப்பவரும் அதே ஆள் என்று இருக்க வேண்டும். டேப்பை ஒரு நாள் இறுக்கியும் மறுநாள் தளர்த்தியும் பிடித்தால், தசை வளராமலே வளர்ந்ததுபோல் தெரியும்.

தண்ணீர் டிரெட்மில்லில் தண்ணீரின் உயரம்தான் மருந்தின் அளவு. பின்னங்கால் கணுக்கால் வரை நிரப்பினால் கால்கள் உடல் எடையில் சுமார் 91 சதவீதத்தைத் தாங்குகின்றன. முழங்கால் வரை என்றால் 85. இடுப்பு மூட்டு வரை என்றால் 38. முழங்கால் அளவுத் தண்ணீரில் சுமை பாதியாகிவிடும் என்று நினைத்து, புண்பட்ட மூட்டை வேலை வாங்கிவிடுகிறார்கள். தையல் காயம் முழுமையாக ஆறும்வரை தண்ணீரில் இறக்கவே கூடாது.

மசாஜை மென்மையான, நீளமான தடவலில் தொடங்குங்கள். நாய் இளகிய பிறகுதான் பிசைதல். முதல் முறை 15 நிமிடங்களே தாராளம். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, உடல் விறைப்பது, நீங்கள் தொட்ட இடத்தைத் திரும்பிப் பார்ப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது இவையெல்லாம் ‘போதும்’ என்று நாய் சொல்லும் விதங்கள். அதையும் மீறி அழுத்தினால் கடிபட நேரும். அதைவிட மோசம், உங்கள் கை மீது நாய்க்கு இருந்த நம்பிக்கை போய்விடும்.

எப்போது தொடக்கூடாது என்பதைப் பாதிப் பாடமாகவே எண்ணிப் படியுங்கள். காய்ச்சல், காரணம் தெரியாத வீக்கம், கட்டி, திறந்த காயம், நிலைப்படுத்தாத எலும்பு முறிவு இருந்தால் கை வைக்காதீர்கள். பாதத்தின் மேற்புறம் தரையில் உரச நடக்கும் நாய்க்கு முதுகுத் தண்டுவடத்தில் அழுத்தம் இருக்கக்கூடும். டாஷ்ஹண்ட் போன்ற நீள முதுகு இனங்களில் இது திடீரென வரும். அதற்குத் தேவை மசாஜ் அல்ல. அன்றே கால்நடை மருத்துவர்.

இணையத்தில் பாடம் படிப்பதில் தவறில்லை, அழுத்தத்தின் அளவு மட்டும் திரையில் வராது. எத்தனை மணி நேரம் உயிருள்ள நாய்கள்மீது ஆசிரியர் முன்னிலையில் பயிற்சி, அளவிலும் வயதிலும் வேறுபட்ட நாய்கள் கிடைக்குமா, எலும்புக்கூட்டை வைத்துச் சொல்லித் தருகிறார்களா, நாம் எழுதும் சிகிச்சைக் குறிப்புகளைத் திருத்தித் தருபவர் யார் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறிடம் தேடுங்கள். படிக்கும்போதே மறுவாழ்வுப் பிரிவு உள்ள கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகச் சேர முடிந்தால் விட்டுவிடாதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த நாயைத் தூக்கி நிறுத்தும் விதத்தை அங்கேதான் கற்க முடியும்.

உங்கள் உடலையும் பாருங்கள். கட்டைவிரலால் மட்டும் அழுத்திப் பழகினால் மூட்டு வலி வரும். முழங்கையை நீட்டி, உடல் எடையைச் சாய்த்து, உள்ளங்கையால் அழுத்துங்கள். சிறிய நாய்களுக்கு உங்கள் இடுப்பு உயர மேசை, அதன்மேல் வழுக்காத விரிப்பு. பெரிய நாய்களுக்குத் தரையில் மெத்தை விரித்து, உங்கள் முழங்காலுக்கும் ஒரு திண்டு வைத்துக்கொள்ளுங்கள்.