மட்டக்களப்பு மாநகர எல்லைக்குள் வீடு கட்ட அனுமதி எடுப்பது எப்படி?

கல்லடியில் அம்மா கொடுத்த 10 பேர்ச் காணியில் வீடு கட்டப் போகிறீர்கள். மாநகர சபை அனுமதிக்கு என்னென்ன வேண்டும், அனுமதி வருமுன் அத்திவாரம் வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் என் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அத்திவாரம். வெட்டாதீர்கள். மாநகர எல்லை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்குள் வருகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எழுப்பிய சுவரை நீதவான் நீதிமன்றக் கட்டளையோடு இடிக்க முடியும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டாலும் அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மாநகர சபையில் வாங்கும் விண்ணப்பப் படிவம், உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, தகுதியுள்ள படவரைஞர் கையொப்பமிட்ட வீட்டு வரைபடத்தின் பிரதிகள். கட்டணம் தளப் பரப்பைப் பொறுத்தது. காணி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. கல்லடியில் கடற்பக்கக் காணிகள் பல அதற்குள் வரும் என்பதால் இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, காணி பிரிந்த விதம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்துத்தான் கல்யாணம். அம்மம்மாவின் ஒரே வளவு அம்மாவுக்கும் சின்னம்மாமாருக்கும் பிரிந்து, பிறகு பேத்திமாருக்கும் பிரிந்து, கிணறு ஒருத்தியின் பங்கிலும் பாதை இன்னொருத்தியின் பங்கிலும் போய்விடுகிறது. நொத்தாரிசு உறுதி முடித்துவிட்டார் என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் காணிப் பிரிப்புக்கும் மாநகர சபையின் அங்கீகாரம் வேண்டும். ஒரு துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. பாதையின் அகலத்தையும் பார்ப்பார்கள். உங்கள் 10 பேர்ச் தனித் துண்டாக அளக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டதா என்று அம்மாவிடம் இன்றே கேளுங்கள்.

மற்றது கிணறு. எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது இதனால்தான்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம் இது. கோடையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். மாரியில் குனிந்து வாளியால் அள்ளலாம். அந்த மணலுக்குள் மலசலகூடக் குழியிலிருந்து இறங்கும் நீரும் அதே வேகத்தில்தான் ஓடும். எங்கள் படவரைஞர் குழியைப் பின்மூலையில் போட்டிருந்தார். எங்கள் கிணற்றிலிருந்து தாராளமான தூரம். இடம் பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த மூலையில் நின்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பக்கத்து வளவுக் கிணறு 20 அடியில் இருந்தது. அவர் கேட்டது 50 அடி. படவரைஞரோ நாங்களோ ஒருநாளாவது வேலிக்கு அப்பால் பார்த்திருக்கவில்லை.

பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்கள் ஆட்கள் கிணற்றை ஈசான மூலையில், வடகிழக்கில் வெட்டுகிறார்கள். குழியை வாயு மூலையில், வடமேற்கில் வைக்கச் சொல்லி மேசன் சொல்கிறார். கிழக்கு மேற்காக வரிசையாக உள்ள வளவுகளில் எல்லோரும் இப்படிச் செய்தால், உங்கள் குழி மேற்கே இருப்பவரின் கிணற்றோடு ஒட்டித்தான் வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வீடும் சரி. ஒழுங்கை முழுவதும் ஒருவர் மற்றவரின் கழிவைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறது, உண்மைதான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கிணற்றை மூடவில்லை. பக்கத்து வீட்டு மாமி இன்றைக்கும் தேநீருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் எடுக்கிறார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருப்பி அனுப்பிய பரிசோதகர் மீது அன்று கோபப்பட்டேன். இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

குழியை முன்பக்கம், வாகனம் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்காகக் குளியலறையும் சமையலறையும் இடம் மாறின. வரைபடம் முழுவதும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அனுமதிக்கு எங்களுக்குப் பிடித்த 5 மாதங்களில் 3 மாதம் இந்தத் திருத்தத்தில்தான் போனது. ஆகவே படவரைஞரிடம் போகுமுன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நான்கு பக்கமும் உள்ள வீடுகளுக்குப் போங்கள். அவர்களுடைய கிணறும் குழியும் எங்கே என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்தத் தாளில் குழிக்கு இடம் கண்டுபிடித்த பிறகு வீட்டை வரையச் சொல்லுங்கள். 10 பேர்ச்சில் இடம் கிடைப்பது கடினம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். எந்த மூலையிலும் தூரம் போதாவிட்டால் அந்தத் தாளோடு பரிசோதகரிடமே போய், என்ன வழி என்று கேளுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த பின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்ப்பார்கள். பிறகு அது திட்டமிடல் குழுவுக்குப் போகும். அனுமதி ஒரு வருடத்துக்குச் செல்லும். வேலை முடியாவிட்டால் காலம் தீருமுன் நீடிப்புக் கேளுங்கள். இடையில் ஓர் அறையைக் கூட்டுவதாக இருந்தாலும் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி எடுங்கள். வீடு முடிந்ததும், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியிருக்கிறது என்று மாநகர சபை தரும் இணக்கச் சான்றிதழைப் பெற வேண்டும். அதற்கு முன் குடிபுகக் கூடாது. பால் காய்ச்ச நாள் பார்ப்பவரிடம் போவதை அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.