நன்றி நோட்டு

(பெயரும் ஊர் விவரமும் நீக்கப்பட்டுள்ளன.)

வணக்கம் சார்,

கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படகர் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பதினெட்டு வருடக் குடி. கோவையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை தொடவில்லை. வரும்போது கவுன்சிலர் மேடம் ஒரு நோட்டு கொடுத்து, தினமும் படுக்கும் முன் நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார். எழுதுகிறேன். அம்மா, மனைவி, கடவுள். மறுநாளும் அதேதான். எழுதும்போது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. சில நாள் எரிச்சல்தான் வருகிறது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் பறிப்புக் கூலியும் உரமும் போனால் வட்டி கட்டக்கூட மிச்சமில்லை. இதில் யாருக்கு என்ன நன்றி? மனைவி ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டு, "எழுதிட்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இது உதவுமா, இல்லை வெறும் நடிப்பா?

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். சுற்றுலா வருகிறவர்கள் காலி பாட்டில்களை ரோட்டோரம் என் தோட்டத்துக்குள் வீசிவிட்டுப் போகிறார்கள். கடையில் கொடுத்தால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் தருகிறார்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? மார்கழியில் எங்கள் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குச் சொந்தமெல்லாம் வந்து சேரும். அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

*

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு மாதத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதில் உங்கள் குணத்தின் குறை எதுவும் இல்லை. பதினெட்டு வருடம் உங்கள் மூளைக்கு சந்தோஷம் பாட்டில் வழியாகவே வந்து பழகியிருக்கிறது. டோபமைன் சுரப்பும் அதை வாங்கிக்கொள்ளும் நரம்புகளும் அந்த அளவுக்கே தங்களைச் சரிசெய்துகொண்டிருக்கும். திடீரென்று சரக்கை நிறுத்தினால் அவை பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாலும், பிரியாணியே சாப்பிட்டாலும் சப்பென்றுதான் இருக்கும். தூக்கமும் அரைகுறையாகவே வரும். இந்த நிலையில் நெஞ்சு நிறைந்த நன்றி வரவில்லையே என்று வருத்தப்படுவது வீண்.

ஆனால் உங்கள் நோட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மா, மனைவி, கடவுள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேருமே நீங்கள் கடன்பட்டவர்கள். அம்மா என்று எழுதும்போது உங்களுக்கு அம்மாவின் அன்பா நினைவுக்கு வருகிறது? அடகுக்குப் போன அவருடைய நகையோ, ராத்திரி கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்த முகமோ வருகிறது என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் நீங்கள் தினமும் எழுதுவது டீக்கடைப் பற்று நோட்டு. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று படுக்கப்போகும் நேரத்தில் எடுத்துப் பார்த்தால் எவனுக்குத்தான் எரிச்சல் வராது?

பாக்கியைத் தீர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் அதற்கென்றே இரண்டு படிகள் இருக்கின்றன. நாம் யாருக்கெல்லாம் கெடுதல் செய்தோம் என்று பட்டியல் போடுவது எட்டாவது, நேரில் போய் அதைச் சரிசெய்வது ஒன்பதாவது. அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நிறுத்தியவுடனே அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தால் ஆள் நேராகக் கடைக்குத்தான் போவான் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் வகுத்த வரிசை அது என்று நினைக்கிறேன். நீங்கள் நன்றி நோட்டு என்ற பெயரில் எட்டாவது படியை இப்போதே தினமும் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் கொஞ்ச நாளைக்கு அந்த நோட்டில் ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். கடவுள் பெயரும் வேண்டாம், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

பிறகு எதை எழுதுவது? கேத்தி பக்கம் கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரும் குடியை விட்டவர். அவருடைய நோட்டை என்னிடம் காட்டியிருக்கிறார், அதைப் பற்றி எழுதிக்கொள்ளவும் சொன்னார். ஒரு பக்கத்தில் "டீ கிளாஸ் ஒரு கையால் பிடித்தேன்" என்று மட்டும் இருந்தது. அதற்கு முன் நடுக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத பக்கம் திரும்பி நின்று குடித்துக்கொண்டிருந்தவர். இன்னொரு நாள்: "சம்பளம் வாங்கினேன். கடை ரோட்டில் வரவில்லை, சர்ச் வழியாகச் சுற்றி வந்தேன். காலுக்கு நன்றி." உறைபனி விழும் மாதத்தில் ஒரு நாள், "காலையில் வாந்தி இல்லை. பச்சைத்தண்ணீரில் முகம் கழுவினேன். செத்தேன்" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். ஊட்டிக் குளிரில் பச்சைத்தண்ணீருக்கு யார் நன்றி சொல்வார்கள்? ஆனால் அந்தக் குளிர் உறைத்ததே அவருக்குப் பெரிய விஷயம், முன்பெல்லாம் அதுவும் தெரியாமல் கிடந்திருக்கிறார்.

உங்களுக்கும் அப்படி ஏதாவது கிடைக்கும். கவாத்துக் கத்தியைப் பிடிக்கும் கை, இலை எடை போட்ட சீட்டில் கோணாமல் விழுந்த கையெழுத்து, மதியம் பசித்தது. சம்பவம்தான் வேண்டும். உணர்ச்சி அதன் வேகத்தில் பின்னால் வரட்டும்.

தினமும் எழுதியே தீரவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. இந்த நன்றிப் பட்டியலைப் பரவலாக்கியது 2003இல் அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. அதில் ஒரு சோதனையில் கல்லூரி மாணவர்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதினார்கள். பிறகு வேறொரு குழு செய்த சோதனையில் வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. அவர்கள் குடியிலிருந்து மீள்பவர்கள் இல்லை, அதனால் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இம்போசிஷன் மாதிரி எழுதினால் எதுவும் மரத்துப்போகும் என்பதற்கு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. கவுன்சிலரிடம் சொல்லிவிட்டு வாரம் ஒருநாள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோபம். பச்சைத் தேயிலை விலைக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை. "இருப்பதை நினைத்துத் திருப்திப்படு" என்று சொல்லி வாயை அடைக்கிறவர்கள் நம் ஊரில் எப்போதும் உண்டு, குடியை விட்டவன் என்றால் அவர்களுக்கு இன்னும் வசதி. 2023இல் உங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் சிறு விவசாயிகள் விலை கேட்டு நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்களே, அது நியாயமான கோபம். நீங்களும் தெளிந்த தலையோடு போய் அதில் உட்காரலாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஊறவைக்கும் கோபம்தான் ஆபத்து. அதற்கு அடுத்த நிறுத்தம் எது என்று உங்களுக்கே தெரியும்.

ஏஏ தொடங்கிய கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1935 மே மாதம் பில் என்பவர் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்கு வியாபார விஷயமாகப் போகிறார். காரியம் கெட்டுப்போகிறது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், பக்கத்திலேயே பார். அவர் நோட்டு எதுவும் எழுதவில்லை. டெலிபோனை எடுத்து, இந்த ஊரில் என்னைப்போல் ஒரு குடிகாரர் இருந்தால் அவரோடு பேச வேண்டும் என்று தேவாலயத்துக்காரர்களிடம் கேட்டார். அப்படித்தான் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர் கிடைத்தார். பாப் மீது இரக்கப்பட்டு அவர் அழைக்கவில்லை, தான் குடிக்காமல் இருக்க வேறு வழி தெரியாமல்தான் அழைத்தார். உங்கள் ஹட்டியிலோ பக்கத்து ஹட்டியிலோ நேற்றுத்தான் நிறுத்தியவன் ஒருவன் இருப்பான். அவன் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். புத்தி சொல்ல வேண்டாம்.

பண்டிகைக்கும் இதே ஏற்பாடுதான். பங்காளிகளில் குடிக்காத ஒருவரிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவையுங்கள், அன்று முழுக்க அவர் பக்கத்தை விட்டு நகராதீர்கள். சாயங்காலம் கூட்டம் பின்பக்கம் ஒதுங்கும்போது நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். யாராவது கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

பாட்டில் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடிச் சில்லு யானைகளின் காலைக் கிழிக்கிறது என்றுதான் உயர் நீதிமன்றம் சொல்லி 2022இல் நீலகிரியில் இந்தப் பத்து ரூபாய் திட்டம் வந்தது, நல்ல திட்டம். ஆனால் அந்தக் கவுன்ட்டருக்கு நீங்கள் போகக் கூடாது. பொறுக்குவதும் வேண்டாம், அடியில் ஒரு மடக்கு மிச்சம் இருக்கும், வாசனை போதும். பறிப்புக்கு வருகிறவர்களிடம் சொல்லுங்கள், எடுத்துக் கொடுத்துவிட்டுப் பணத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. பதினெட்டு வருடம் பார்த்தவர் நான்கு மாதத்தில் நம்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நோட்டை அவர் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், அவர் பாராட்டவேண்டும் என்று அதில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். வட்டிக்காரர் வந்தால் மனைவியை முன்னால் அனுப்பாமல் நீங்களே எழுந்து போய்ப் பேசுங்கள்.

டாக்டர் கொடுத்த மாத்திரைகளை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அன்புடன்.