பெரிய கட்டடத்துக்கு எந்த வகை பைல் (அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) போட்டால் செலவு குறையும்?

கையில் மூன்று கொட்டேஷனை வைத்துக்கொண்டு, மீட்டருக்கு யார் குறைவு என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கை ஓரமாக வையுங்கள். ஒரு டன் பாரத்தைத் தாங்க மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். பைல் கேப் (பைல் தலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கான்கிரீட்), லோடு டெஸ்ட் (பாரம் ஏற்றிப் பார்ப்பது), பைல் இறக்கும் இயந்திரமான ரிக்கைக் கொண்டுவரும் செலவு, பிடிக்கும் நாட்கள் எல்லாம் அதில் வர வேண்டும்.

மீட்டர் கணக்கால் நாங்கள் பட்ட அடி கொஞ்சமல்ல. ஒரு வேலையில் ப்ரீகாஸ்ட் பைலை, அதாவது முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பைலை, அடித்து இறக்குவதுதான் மலிவு என்று முடிவானது. 18 மீட்டர் நீளத்தில் வார்த்து அடுக்கிவிட்டோம். அவ்வளவு பெரிய இடத்துக்கு எடுத்தது நாலே நாலு போர்ஹோல் (மண்ணைச் சோதிக்கப் போடும் துளை). அவற்றுக்கு நடுவே, 10 மீட்டர் ஆழத்தில், இறுகிய மணல் படுகை ஒன்று இருந்தது அறிக்கையில் வரவே இல்லை. பைல் அதில் போய் நின்றுவிட்டது. அடிக்க அடிக்கத் தலைதான் நொறுங்கியது. படுகைக்குக் கீழே மறுபடியும் இளகிய களிமண், அதனால் அப்படியே விடவும் முடியாது. மீதி 8 மீட்டரை வெட்டிப் போட்டோம். அந்தப் பகுதி முழுக்கத் துளையிட்டு வார்க்கும் பைலுக்கு மாற்றினோம். இரண்டு மாதம் போச்சு.

ப்ரீகாஸ்ட் மோசம் என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வர வேண்டாம். களிமண் ஆழமாக, சீராக இருக்கும் இடத்தில் அது அருமையான பைல். மண்ணை அள்ளிக் கொட்டும் வேலை இல்லை. அடித்துச் சில வாரம் விட்டால் தாங்கும் திறன் கூடவும் செய்யும்.

துளையிடும் பைல் என்றால் டயாவில் (விட்டத்தில்) கவனம் வேண்டும். பக்க உராய்வை நம்பி நிற்கும் பைலில் 600 மி.மீ.யை 1200 ஆக்கினால் கான்கிரீட் 4 மடங்கு, உராய்வு 2 மடங்குதான். அடி நல்ல பாறையில் உட்கார்ந்தால் முனையின் பரப்பும் 4 மடங்காகும். அங்கே பெரிய டயா கட்டுபடியாகலாம்.

எதுவானாலும் போர்ஹோலைக் கூட்டுங்கள். நீளத்தை முடிவு செய்யும் முன் ஒரு சோதனை பைலைப் போட்டு, அது தோற்கும் வரை பாரம் ஏற்றிப் பாருங்கள். கைக்கணக்கை விட அதிகம் தாங்கினால் எல்லா பைலிலும் நீளம் குறையும், டெஸ்ட் செலவு அதிலேயே வந்துவிடும்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அன்று இறங்காத பைல்களுக்கு விளக்கக் கடிதம் கேட்டது சைட்டில் நின்ற என்னிடம். போர்ஹோல் எண்ணிக்கையைக் குறைத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வும் இல்லை.