தட்டணுக்கள் குறைந்தும் இரத்தம் உறைவது ஏன்?

இதய அறுவை சிகிச்சை முடிந்த ஏழாம் நாள் அப்பாவின் தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) 2,25,000-இலிருந்து 80,000-ஆக இறங்கின. மருத்துவர்கள் ஹெப்பாரினை நிறுத்தினார்கள். தட்டணு ஏற்றவும் மறுத்துவிட்டார்கள். ஏன்?
— வாசகி, அம்மாப்பேட்டை

இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் ஹெப்பாரின், தட்டணுக்கள் வெளியிடும் பி.எஃப்.4 என்னும் புரதத்தோடு சேரும்போது, சிலரது உடல் அந்தச் சேர்க்கையை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுகிறது. அந்த எதிர்ப்பொருள் தட்டணுவின் மேலுள்ள ஏற்பியைப் பற்றியதும் தட்டணு தூண்டப்பட்டு மேலும் பி.எஃப்.4-ஐக் கொட்ட, பக்கத்துத் தட்டணுக்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. இப்படித் திரண்டு செலவாவதால் எண்ணிக்கையும் குறைகிறது, உறைவும் உண்டாகிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் எண்ணிக்கை குறைவது இயல்புதான். ஹெப்பாரின் தொடங்கிய 5 முதல் 10 நாட்களுக்குள் அது பாதிக்கும் கீழே சரிவதே சந்தேகத்துக்குரியது. இங்கே பெரிதும் அஞ்ச வேண்டியது இரத்தக்கசிவை அன்று, கால் சிரையிலும் நுரையீரலிலும் ஏற்படும் உறைவை. ஆகவே, கசிவு இல்லாதவருக்குத் தட்டணு ஏற்றுவது உறைவுக்குத் தீனி போடுவதாகிவிடலாம். ஹெப்பாரினை நிறுத்துவது மட்டும் போதாது. உறைவைத் தடுக்கும் அர்கட்ரோபன் போன்ற மாற்று மருந்தும் வேண்டும். சிரையில் பொருத்திய ஊசிக்குழாய் அடைபடாதிருக்கச் செலுத்தும் துளி ஹெப்பாரின்கூடக் கூடாது; வார்டில் எளிதில் மறந்துபோவது இதுதான். ‘ஹெப்பாரின் கூடாது’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டெங்குவில் தட்டணு குறைவதும் இதுதானா?
— வாசகர், ஆத்தூர்

இல்லை. அங்கே பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) கசிவதும் இரத்தக்கசிவுமே முதன்மையான கவலை.

மனைவிக்கு இருமுறை கரு கலைந்தது. உறைய அதிக நேரம் எடுக்கிறது என்கிறது பரிசோதனை. மருத்துவரோ உறையாமலிருக்க ஊசி போடச் சொல்கிறார். முரணாக இல்லையா?
— காப்பித் தோட்ட ஊழியர், ஏற்காடு

முரண் சோதனைக்குழாயில்தான் இருக்கிறது. மருத்துவர் சந்தேகிப்பது ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களையாக இருக்கலாம். அவை, குழாயில் உறைதலுக்குத் தேவையான பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பை மறித்து நேரத்தை நீட்டுகின்றன. உடலுக்குள்ளோ தட்டணுக்களையும் இரத்தக்குழாயின் உட்சுவரையும் தூண்டி உறைவை வளர்க்கின்றன. காய்ச்சலுக்குப் பிறகு இவை தற்காலிகமாகத் தோன்றி மறைவதும் உண்டு என்பதால், 12 வாரம் கழித்து மறுபரிசோதனை செய்தே நோயை உறுதிப்படுத்த வேண்டும். மாதிரியை மலையில் எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு அனுப்புவதைவிட, நீங்களே இறங்கி வந்து ஆய்வகத்தில் கொடுப்பது நல்லது: பிளாஸ்மாவைத் தாமதமின்றிப் பிரிக்காவிட்டால், அதில் தங்கும் தட்டணுக்களே முடிவைப் பொய்யாக்கிவிடும். நோய் உறுதியானால், கர்ப்பகாலத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துத் தருவதே வழக்கம்.

2021-இல் கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். இப்போது உறைவு வருமா?
— வாசகர், மேட்டூர்

இந்தத் தடுப்பூசி போட்ட சிலருக்கு வந்த அரிய உறைவுப் பாதிப்பிலும் பி.எஃப்.4-க்கு எதிரான எதிர்ப்பொருளே காரணம்; ஆனால், ஊசி போட்ட சில வாரங்களுக்குள் அது வெளிப்பட்டுவிடும். இப்போது அதற்காக, உறைவு இருக்கிறதா என்று அறிய உதவும் டி-டைமர் இரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம்.