படிவத்தில் மதம் கேட்கிறார்களே, என்ன எழுதுவது?

தம்பி, உங்கள் நீளமான கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு ஜெர்மனியில் எசன் நகருக்கு வந்து இறங்கியாயிற்று. முகவரி பதியப் போன இடத்தில் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கத்தோலிக்கர் என்று போட்டால் சம்பளத்தில் 9 சதவீதம் கோவில் வரியாகப் போய்விடும், காலியாக விட்டுவிடு என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஞாயிறு பூசைக்குப் போனால் அங்கே நரைத்த தலைகள் மட்டும். கம்பெனியில் வேறு ஆட்குறைப்புப் பேச்சு. இந்த நேரத்தில் இங்கே ஒரு கோவில் பங்கில் போய்ச் சேருவதில் பிரயோஜனம் உண்டா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அந்த 9 சதவீதம் உங்கள் சம்பளத்தில் இல்லை, நீங்கள் கட்டும் வருமான வரியில். மாதம் 600 யூரோ வருமான வரி பிடிக்கிறார்கள் என்றால் கோவில் வரி 54 யூரோ. பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. பிள்ளை இருந்தால் கணக்கு இன்னும் இறங்கும். வருடம் முடிந்து வரிக் கணக்குக் கொடுக்கும்போது கட்டிய கோவில் வரியைக் கழித்துக் காட்டலாம், கொஞ்சம் திரும்பி வரும். வருமான வரியே வராத அளவு சம்பளம் என்றால் இதுவும் வராது. சி.எஸ்.ஐ. குடும்பங்கள் எவாங்கெலிஷ், அதாவது இங்குள்ள புராட்டஸ்டன்ட் சபை, என்று எழுதினால் அவர்களுக்கும் இதே கதைதான். பெந்தகோஸ்தே சபைக்காரர்களுக்கு இந்த வரி கிடையாது. ஆனால் அங்கே தசமபாகம் கேட்பார்கள், அதைக் கூட்டிப் பார்த்தால் 54 யூரோ தேவலை என்று தோன்றும்.

காலியாக விடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டத்தை நிரப்புவதால் நீங்கள் கத்தோலிக்கர் ஆவதில்லை. ஞானஸ்நானம் பெற்றவர் இங்கே வந்து குடியேறினாலே உறுப்பினர், வரியும் உண்டு என்பதுதான் இங்குள்ள சட்டம். நாளைக்கு மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கோ, பிறக்கப்போகும் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கோ பங்கு அலுவலகத்தில் போய் நிற்கும்போது விஷயம் வெளியே வரும், பழைய பாக்கியைக் கேட்கவும் வழி இருக்கிறது. முறைப்படி விலக வேண்டுமானால் இந்த மாநிலத்தில் நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி விலகுகிறவர் நற்கருணை வாங்க முடியாது, ஞானத்தாய் ஞானத்தந்தையாக நிற்க முடியாது என்று 2012இல் ஜெர்மன் ஆயர்கள் தீர்மானித்துவிட்டார்கள். வரி கட்டாததற்கு நற்கருணையை மறுப்பதா என்று எனக்கும் அதில் வருத்தம்தான். உங்கள் மனைவி நர்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பக்கம் நிறைய ஆஸ்பத்திரிகள் திருச்சபையுடையவை. விலகினவர் என்று காகிதத்தில் இருந்தால் அங்கே வேலைக்குச் சேருவது கஷ்டம்.

அரசாங்கம் ஏன் கோவிலுக்கு வரி பிரிக்கிறது என்று வருகிற எல்லோரும் கேட்பார்கள். நெப்போலியன் காலத்தில், 1803இல், திருச்சபையின் நிலபுலன்களை ஜெர்மன் சிற்றரசர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் கோவிலை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற தகராறில் 19ஆம் நூற்றாண்டில் முளைத்தது இந்த வரி. 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் ஏறி, அங்கிருந்து இன்றைய சட்டத்துக்கும் வந்துவிட்டது. நமக்கு இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது சொல்லுங்கள். நான் குமரிக் கடற்கரைக்காரி. மீன்பாட்டில் கோவிலுக்கு ஒரு பங்கு என்று குத்தகை விடுவதையும், திருவிழா வந்தால் தலைக்கட்டு வரி எழுதிக்கொண்டு கமிட்டிக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதையும் பார்த்து வளர்ந்தவள். இங்கே வாசலில் வந்து நிற்கிறவர் யாரும் இல்லை, சம்பளச் சீட்டில் ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

சரி, நரைத்த தலைகளுக்கு வருவோம். அதுதான் நான் உங்களிடம் பேச நினைத்தது.

நீங்கள் பார்த்தது உண்மைதான். 2022இல் மட்டும் ஜெர்மனியில் 5,22,821 பேர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகினார்கள். 2024இல் அது 3,21,611. இதைக் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிற நிலைமையில் இருக்கிறோம். எசன் மறைமாவட்டத்தில் 259 பங்குகள் இருந்தன, சேர்த்துச் சேர்த்து 43 ஆக்கினார்கள். எத்தனையோ கோவில்களைப் பூட்டியாயிற்று. நீங்கள் போன கோவிலும் நாலைந்து பழைய பங்குகளின் மிச்சமாக இருக்கலாம். ஓரத்தில் பொருந்தாமல் நிற்கும் சுரூபங்களைக் கவனியுங்கள், மூடின கோவில்களிலிருந்து கொண்டுவந்து வைத்ததாக இருக்கும்.

விலகினவர்களில் பலருக்கு வரிதான் காரணம். ஆனால் வரியை மட்டும் சொன்னால் அது நியாயமாக இருக்காது. குருக்கள் சிறுவர்களிடம் நடந்துகொண்ட கொடுமைகள் பற்றி ஆயர்களே கேட்டு வாங்கிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. இந்த மறைமாவட்டம் 1958இல் உருவானபோது வந்த முதல் ஆயர், மோதிரத்தில் நிலக்கரித் துண்டு பதித்துப் போட்டிருந்தவர். தொழிலாளிகளின் ஆயர் என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2023இல் அவர் மீதே குற்றச்சாட்டு வெளியானது, பேராலயத்துக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய சிலையை எடுத்துவிட்டார்கள். என்னோடு பாடற்குழுவில் இருந்த ஒரு அம்மா அந்த மாதமே விலகினார். விசுவாசம் போய் விலகினவர் இல்லை அவர். அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால் உருளைக்கிழங்கு விலையைத்தான் பேசுகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார்? நீங்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, முடிந்துபோன ஒன்றின் மிச்சம் என்று நினைத்துவிட்டீர்கள். பூசை முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் பங்கு மண்டபத்துக்குள் போங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அங்கே காப்பி இருக்கும். எங்கள் பங்கில் காப்பி ஊற்றுகிற தாத்தாவின் கையைப் பார்த்தால் முட்டிகளில் நீல நீலமாகக் கோடுகள், பச்சை குத்தினது போலத் தெரியும். சுரங்கத்தில் அடிபட்ட காயத்துக்குள் கரித்தூள் புகுந்து தோல் மூடிக்கொண்டால் அந்த நீலம் ஆயுசுக்கும் போகாது. பதினைந்து வயதில் உள்ளே இறங்கினவர். அவர் வேலை பார்த்த சுரங்கத்தை மூடினார்கள், வேறொன்றுக்குப் போனார், அதையும் மூடினார்கள். 2018 டிசம்பரில் பக்கத்து ஊரான போட்ரோப்பில் கடைசிச் சுரங்கமும் நின்றது. அதற்கு முந்தின நாள் எசன் பேராலயத்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரண்டு சபையாரும் சேர்ந்து வழிபாடு நடத்தினார்கள், ஒரு தொழிலுக்கு விடைகொடுக்க. தாத்தாவும் போயிருந்தார்.

வேலை இருக்குமா இருக்காதா என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்த நரைத்த தலைகளில் பாதிக்கு மேல் அதே ராத்திரிகளைக் கழித்தவர்கள். இந்த ஊரில் இதை அவர்களை விட நன்றாக யாருக்கும் தெரியாது. 2024 நவம்பர் கடைசியில் திசன்குருப் எஃகுப் பிரிவு 11,000 வேலைகள் வரை குறைக்கவோ வெளியே கொடுக்கவோ போவதாக அறிவித்தது. அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியது. வளையத்தில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, விசுவாசிகள் மன்றாட்டு வந்தது. ஒரு அம்மா காகிதம் எதுவும் இல்லாமல் எழுந்து, டூயிஸ்பர்க் ஊர் எஃகு உலையில் வேலை பார்க்கும் தன் மருமகனுக்காகவும் அவனோடு வேலை பார்க்கிறவர்களுக்காகவும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த ஊர்க்காரர்கள் பொது இடத்தில் சொந்தக் கவலையைச் சொல்ல மாட்டார்கள், அதனால் கோவில் முழுக்க ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டது. காப்பி வேளையில் தாத்தா அந்த அம்மாவிடம் தொழிற்சங்கத்தில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடவுள் பெயரை எடுத்த மாதிரி நினைவில்லை.

இங்கே ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். யாரும் வந்து நீங்கள் எந்த ஊர், சாப்பிட்டீர்களா என்று விசாரிக்க மாட்டார்கள். பனிமய மாதா கோவிலில் ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை நெருக்கியடித்து நின்று பழகினவருக்கு, ஆளுக்கொரு பெஞ்சில் தனித்தனியாக உட்காருகிற இந்தச் சனம் கல்நெஞ்சாகத்தான் தெரியும். பாட்டுப் புத்தகத்தில் எந்த எண் என்று பலகையில் போட்டிருப்பார்கள், பார்த்துப் பாட வேண்டும், ஆர்மோனியமும் கைத்தட்டலும் கிடையாது. குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றாதீர்கள், ஹீட்டரைக் குறைத்துத்தான் வைப்பார்கள். ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்தால்தான் இங்கே உள்ளே நுழைய முடியும். பங்கு விழாவில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், பெயர் கொடுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் தட்டு கழுவலாம். கழுவி முடிப்பதற்குள் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், அடுத்த வாரம் பூசைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

மகளுக்கு எட்டு வயது என்றீர்கள். நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் புதுநன்மை. வகுப்பு இலையுதிர் காலத்தில் தொடங்கும், ஈஸ்டருக்கு அடுத்து வரும் வாரங்களில் விழா. பல பங்குகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கியைப் பங்கிலேயே கொடுத்துவிடுவார்கள், கவுன் யாருக்கு எவ்வளவு என்ற போட்டிக்கு இடமில்லை. மெழுகுவர்த்தியை மட்டும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அலங்கரிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிற பிள்ளைகளோடு அவளை அனுப்புங்கள். 1959இலிருந்து நடக்கிறது, ஏழைப் பிள்ளைகளுக்கு நிதி சேர்ப்பது. கதவு நிலையில் சாக்பீஸால் வருடத்தையும் ஆசீர்வாதத்தையும் எழுதிவிட்டு வருவார்கள். கிரீடம் வைத்துவிட்டால் ஜெர்மன் தானாக வரும்.

தமிழ்ப் பூசையும் உண்டு. இலங்கைத் தமிழர்கள் எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்து, தங்களுக்கென்று சுவாமியார் வைத்து, பல நகரங்களில் குறிப்பிட்ட ஞாயிறுகளில் தமிழில் பூசை நடத்தி வருகிறார்கள். போங்கள், அழுகை வந்தால் அழுதுவிட்டு வாருங்கள், சாப்பாடும் இருக்கும். ஆகஸ்டில் கெவலார் யாத்திரையைத் தவறவிடாதீர்கள். எசனிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1642இல், ஒரு வியாபாரி வைத்த சின்னக் குருசடி அது. உள்ளே இருக்கும் மாதா ஒரு சிறிய அச்சுப் படம்தான். துன்பப்படுவோரின் ஆறுதல் என்று பெயர். அந்த ஒரு நாள் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கூடுவார்கள், இந்துக்களும் குடும்பத்தோடு வருவார்கள், பட்டுப்புடவைகளைப் பார்த்தால் வேளாங்கண்ணியோ என்று தோன்றும். ஆனால் தமிழ்ப் பூசை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தெருக்கோடியில் இருக்கும் பங்குதான் உங்களுக்குக் காய்ச்சல் என்றால் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

வேலை போனால் கோவில் வேறு வேலை வாங்கித் தருமா? தராது. அதை எதிர்பார்த்துச் சேராதீர்கள். விசா வேலையோடு கட்டியிருப்பதால் உங்கள் பயம் அந்தத் தாத்தாவின் பயத்தை விட ஒரு படி அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். திருச்சபையின் உதவி அமைப்பான கரிதாஸ் அலுவலகத்தில் வெளிநாட்டவருக்கு இலவச ஆலோசனை உண்டு, எந்த மதமானாலும் பேசுவார்கள். வேலை போகும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு முறை போய் உங்கள் விசாவில் என்ன எழுதியிருக்கிறது, வேலை முடிந்தால் யாருக்கு எப்போது தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜெபம் பண்ணுகிறவர்கள் காகிதத்தைச் சரியாக வைத்திருக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

பேராலயத்துக்கு ஒரு வேலைநாளில் போங்கள். இடது பக்கச் சிற்றாலயத்தில் பொன் மாதா இருக்கிறார், ஏறக்குறைய 980ஆம் ஆண்டில் செய்தது, முக்கால் மீட்டர் உயரம் கூட இல்லை. மதிய இடைவேளையில் ஆபீஸ் பையோடு வந்து அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிற இளவயதுக்காரர்களை அங்கே பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் காண முடியாது.

அப்புறம், பங்கு அலுவலகம் வாரத்தில் சில மணிநேரம்தான் திறந்திருக்கும், கதவில் நேரம் எழுதியிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் மூவருடைய ஞானஸ்நானச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் ஊர்ப் பங்கிலிருந்து இப்போதே வரவழைத்துவிடுங்கள். பங்கு முத்திரையும் சாமியார் கையெழுத்தும் தெளிவாக இருக்கட்டும், பெயர் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அப்பா பெயரையும் இனிஷியலையும் வைத்து இங்கே படுத்துகிற பாடு தனிக்கதை, அதற்கு வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள்.