'பெர்னிஷியஸ்' என்ற சொல்லுக்குத் தமிழ்

ஐயா,

நுண்கடனால் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஆங்கில அறிக்கையொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். நுண்கடனின் விளைவுகள் 'பெர்னிஷியஸ்' என்று அதில் சொல்லப்பட்டுள்ளது. நான் 'தீங்கான' என்று எழுதினேன். எங்கள் மேற்பார்வையாளர் 'நச்சுத்தன்மையான' என்று திருத்தினார். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. எது சரி?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு ஒட்டாமற் போனதில் நியாயம் இருக்கிறது. 'தீங்கான' என்பது பொதுச்சொல். கேடு எதுவரை போகும் என்பதை அது சொல்லாது. 'பெர்னிஷியஸ்' அதையே சொல்கிறது. இலத்தீனில் 'நெக்ஸ்' என்றால் கொலை; முற்றாக என்ற பொருள்தரும் 'பெர்' அதன் முன்னே சேர்ந்து, அழிவைக் குறிக்கும் பெயர்ச்சொல் பிறந்தது. இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல், மெல்ல மெல்ல, பெரும்பாலும் கண்ணிற் படாமலே நடந்து இறுதியில் ஆளையே விழுங்கிவிடும் கேட்டுக்குத்தான் வழங்குகிறது. காலி வீதியில் பஸ் மோதி ஒருவர் இறந்தால் அது கொடிய விபத்து. அதை யாரும் 'பெர்னிஷியஸ்' என்பதில்லை.

நீங்கள் கடலோரத்தில் இருப்பவர் என்பதால் உங்கள் வீட்டு யன்னல் கம்பியையே பாருங்கள். உப்புக்காற்று பட்ட கம்பியில் பெயின்ற் சற்றுப் பொங்கியிருக்கும், அவ்வளவுதான். பெருவிரலால் அழுத்தினால் இரும்பு தகடு தகடாக உதிரும். கம்பி கம்பியாகத் தெரிந்துகொண்டே இல்லாமற் போய்விட்ட அந்த நிலைதான் இச்சொல்லின் பொருள்.

மருத்துவத்தில் இச்சொல் தன் முழுப் பொருளோடு ஒரு நோயின் பெயரில் நிற்கிறது. 'பெர்னிஷியஸ் அனீமியா' என்ற குருதிச்சோகையில், விற்றமின் பி12ஐ உடல் உறிஞ்சுவதற்கு வேண்டிய புரதத்தை இரைப்பை சுரப்பதில்லை. நோயாளி நாளுக்கு நாள் வெளிறி, களைத்து, கடைசியில் இறந்துபோவார். 1926இல் மைனொட், மேர்பி என்ற அமெரிக்க மருத்துவர்கள் நாள்தோறும் ஈரலை உண்ணக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினார்கள். 1934இல், ஈரலின் பயனை முன்னரே ஆராய்ந்திருந்த விப்பிள் என்ற மருத்துவருடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். இன்று ஊசியால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் அது, ஆனாலும் பழைய பெயர் நீங்கவில்லை.

'நச்சுத்தன்மையான' என்பது நெருங்கி வந்தாலும், இப்போது கசப்பான பேச்சு, ஒவ்வாத உறவு என எல்லாவற்றுக்கும் அச்சொல்லைப் பயன்படுத்தித் தேய்த்துவிட்டோம். நம் பத்திரிகைகள் விரும்பும் 'நாசகார' என்பதில் சதி செய்பவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். 'பெர்னிஷியஸ்' ஆன கேட்டுக்கோ கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, நல்ல நோக்கத்தோடு தொடங்கிய திட்டமும் அப்படி முடியலாம். 'புரையோடிய' எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது உள்ளே பரவுவதைச் சொல்கிறதே தவிர, முடிவைச் சொல்வதில்லை. வெளியே தெரியாமல் மெல்லப் பரவும் கேட்டைக் குறிக்கும் 'இன்சிடியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே அது பொருந்தும்.

உங்கள் வாக்கியத்தில் நான் 'குடியைக் கெடுக்கும்' என்று எழுதுவேன். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, தாலிக்கொடியை அடகு வைத்து, வாரத் தவணைக்கு ஆள் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் ஒரு பெண்ணின் நிலைக்கு நம் பேச்சுமொழி ஏற்கெனவே வைத்திருக்கும் சொல் அது. அலுவலக நடைக்குப் பொருந்தாது என்று மேற்பார்வையாளர் தயங்கினால் 'குடும்பங்களைப் படிப்படியாக அழிக்கும் விளைவுகள்' என்று விரித்து எழுதுங்கள். 'தீங்கான' என்பதையும் எறிந்துவிட வேண்டாம்; அதே அறிக்கையில் 'ஹாம்ஃபுல்' என்று எங்காவது வந்தால், அந்த இடம் அதற்குரியது.